இடுப்பில் கட்டிய வடக்கு

கண்களை மூடியிருக்கும் ஒருவரின் முதுகில் இரண்டு பேனா முனைகளை 2 செ.மீ. இடைவெளி விட்டு ஒரே நேரத்தில் மெல்ல அழுத்துங்கள். எத்தனை முனை என்று கேட்டால் "ஒன்று" என்பார். அதே முனைகளை விரல் நுனியில் 3 மி.மீ. தள்ளி வைத்தாலே "இரண்டு" என்று பதில் வந்துவிடும். ஜெர்மனியின் லைப்சிக் நகர உடலியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் கவராயத்தைக் கொண்டு உடம்பு முழுக்க அளந்து 1834இல் எழுதிவைத்த வேறுபாடு இது. முதுகில் இரண்டு புள்ளிகள் இரண்டாகத் தெரிய ஏறத்தாழ 4 செ.மீ. இடைவெளி வேண்டும்.

வடக்கை அதிர்ந்து காட்டும் இடுப்புப் பட்டை போல, அதிர்வால் சேதி சொல்லும் கருவி ஒன்றைச் செய்து உடம்பில் கட்ட நினைப்பவர்கள் சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் இந்தப் பேனாச் சோதனையைச் செய்துவிட வேண்டும். மோட்டார் மலிவு, முதுகு அகலம். 64 மோட்டார்களை அடுக்கினால் படமே காட்டிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. அமெரிக்க நரம்பியலாளர் பால் பாக்-இ-ரீட்டா 1969இல் அதைத்தான் செய்தார்: ஒரு நாற்காலியின் முதுகுப் பகுதியில் 400 அதிர்விகள், எதிரே ஒரு கேமரா. பார்வையற்றவர்கள் கேமராவைத் தாங்களே அசைத்துப் பழகியபின் பொருள்களை இனங்கண்டார்கள். மாபெரும் சாதனை, ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து நடக்க முடியாது, பழகவும் நீண்ட நேரம் வேண்டும்.

அதற்கு 12 ஆண்டுகள் முன்பே அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் கெல்டார்டு வேறு வழியில் போயிருந்தார். மார்பில் 5 அதிர்விகள், 3 வலிமைகள், 3 கால அளவுகள் (0.1, 0.3, 0.5 நொடி), பெருக்கினால் 45 குறிகள். எழுத்துகளையும் எண்களையும் அதில் அடக்கிவிட்டார். 5 இடத்துக்கு 3 வலிமைதான் என்ற கணக்கைக் கவனியுங்கள். 'எங்கே' என்பதைத் தோல் சிரமமில்லாமல் சொல்லிவிடுகிறது. 'எவ்வளவு பலம்' என்பதில் மூன்று படிகளுக்கு மேல் தடுமாறுகிறது. ஆகவே இடமே பொருளாக இருக்கும் ஒரு சேதியைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சியே தேவைப்படாது. திசை அப்படிப்பட்ட சேதி. இடுப்பின் இடப்பக்கம் அதிர்ந்தால் இடப்பக்கம். அதற்கு அகராதி வேண்டாம்.

ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கோனிக் குழுவினர் செய்த ஃபீல்ஸ்பேஸ் பட்டை இந்த எளிமையில் பிறந்தது. இடுப்பைச் சுற்றி 13 அதிர்விகள். அவற்றில் எது வடக்கு நோக்கி இருக்கிறதோ அது மட்டும் அதிரும். உடம்பு திரும்பினால் அதிர்வு இடுப்பில் நகரும், வடக்கு நகராது. ஆறு வாரம் கட்டியிருந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2005இல் வந்தது. கட்டியவர்களில் சிலர் அதிர்வை அதிர்வாக உணராமல், ஊரின் அமைப்பு மனதில் விரிவதாகச் சொன்னார்கள். பின்னாளில் அதே ஊரில் ஒரு நிறுவனமாக வளர்ந்து, பார்வையற்றோருக்கான 16 மோட்டார் பட்டையாகவும் அது விற்பனைக்கு வந்தது.

"கிழக்கால போயி, கோயிலாண்ட வடக்க திரும்புங்க" என்று வழி சொல்லும் ஊர்களில் இந்தப் பட்டைக்கு ஒரு கூடுதல் பொருத்தம் உண்டு. வழி சொல்பவரின் மொழியிலேயே அது பேசுகிறது. இனி, அதை எப்படிச் செய்வது என்று பார்க்கலாம்.

மோட்டார் எத்தனை? தொடு உணர்வு ஆய்வாளர் ரோஜர் கோலெவியாக்கின் குழுவினர் வயிற்றைச் சுற்றி அதிர்விகளை வைத்து 2004இல் வெளியிட்ட அளவீடுகள் இதற்குத் தெளிவான பதில் தருகின்றன. 12 அதிர்விகள் இருந்தபோது அதிர்ந்தது எது என்று சரியாகச் சொன்னது 74 சதவீதம்; 8 ஆனபோது 92; 6 ஆனபோது 97. தொப்புளும் முதுகெலும்பும் நங்கூரம் போல; அவற்றின் அருகே துல்லியம் கூடுகிறது, விலாப் பக்கங்களில் குறைகிறது. 8 போதும். எண்திசை என்று நமக்குப் பழகிய கணக்கும் அதுவே.

மோட்டார் வகை இரண்டு. கடையில் 'காயின் வைப்ரேட்டர்' என்று கேட்டால் கிடைக்கும் 10 மி.மீ. வட்டம், 3 மி.மீ. தடிமனுள்ள சுழல் மோட்டார் ஒன்று. 3 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று, அதாவது 200 ஹெர்ட்ஸ். தோலின் ஆழத்தில் உள்ள பாசினி நுண்ணுறுப்புகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மையாக உணர்பவை என்பதால் இந்த வேகம் பொருந்திவிடுகிறது. மற்றது நேர்கோட்டில் அசையும் அதிர்வி. அது வேகமாகக் கிளம்பி வேகமாக நிற்கும், ஆனால் தன் ஒத்ததிர்வு எண்ணில் மாறுமின்னோட்டம் கேட்கும். அதற்கு டிஆர்வி2605எல் போன்ற தனி இயக்கிச் சில்லு வேண்டும். அந்தச் சில்லுகள் எல்லாமே ஒரே முகவரியில் இருப்பதால் எட்டையும் இணைக்க டிசிஏ9548ஏ என்ற கிளைபிரிக்கும் சில்லும் தேவை. விரலில் தட்டுவது போன்ற நுட்பமான உணர்வுக்கு அது சரி. திசைப் பட்டைக்குக் காயின் மோட்டாரே போதும். பழுதானால் மாற்றுவதும் சுலபம். சென்னை ரிச்சி தெருவில் கை நிறைய வாங்கி வரலாம். எட்டு தேவைப்பட்டால் பன்னிரண்டாக வாங்குங்கள், அதன் காரணம் பின்னால் வருகிறது.

பட்டைக்குத் தையல் சாமான் கடையின் 2 அங்குல எலாஸ்டிக். இடுப்பளவுக்கு 5 செ.மீ. குறைவாக வெட்டி, முனைகளில் வெல்க்ரோ தைக்க வேண்டும். பெல்ட் பக்கிள் கூடாது; இரும்புப் பக்கிள் திசைகாட்டியைக் கெடுக்கும். அரைஞாண் கயிறு கிடக்கும் இடத்துக்கு மேலே, தொப்புள் மட்டத்தில், மெல்லிய பருத்திப் பனியனின் மேல் கட்டினால் வியர்வை நேராக மோட்டாரில் படாது.

மோட்டாரை எலாஸ்டிக்கில் நேரடியாக ஒட்டுவதுதான் அநேகமாக எல்லோரும் செய்யும் முதல் தவறு. ஒட்டினால் பட்டை முழுவதும் அதிரும், எந்த இடம் என்று தெரியாது. மோட்டாருக்கும் பட்டைக்கும் நடுவே 5 மி.மீ. மென்மையான ஃபோம் வேண்டும். தோலை நோக்கிய பக்கத்தில் 12 மி.மீ. அகலமுள்ள ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டிவிட்டால் அதிர்வு முழுவதும் அந்தப் புள்ளியில் இறங்கும். இறுக்கமும் முக்கியம். விரல் ஒன்று உள்ளே நுழையும் அளவு சரி. அதைவிட இறுகினால் மோட்டாரின் அசைவே அமுங்கிப்போகும். தளர்ந்தால் பொத்தான் தோலை விட்டு விலகி, அதிர்வு சத்தமாக மட்டும் மிஞ்சும்.

மோட்டார்களைச் சம இடைவெளியில் தைக்காதீர்கள். இடுப்பு வட்டமானதில்லை. பக்கவாட்டில் 32 செ.மீ., முன்பின்னாக 22 செ.மீ. உள்ள இடுப்பை ஒரு நீள்வட்டமாகக் கொண்டால் சுற்றளவு 85.5 செ.மீ.; எட்டாகப் பிரித்தால் 10.7 செ.மீ. ஆனால் முன்பக்க வலது மூலை மோட்டார் உடம்பின் நடுவிலிருந்து உண்மையிலேயே 45 டிகிரியில் இருக்க, தொப்புளிலிருந்து 9.3 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். சம இடைவெளியில் வைத்தால் அது 50 டிகிரியைத் தாண்டிவிடும். தொப்பை உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. அதனால் சூத்திரத்தை நம்புவதைவிட, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எண்திசைக் கோடுகள் போட்டு, கட்டப்போகிறவரை நடுவில் நிறுத்தி, முதலில் தொப்புள், பிறகு முதுகெலும்பு, பிறகு இரு விலா, கடைசியாக மூலை நான்கு என்று குறியிடுவது நல்லது. பட்டை ஆளுக்கேற்ற உடை. ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாது.

மின்சுற்றில் இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, ஒவ்வொரு மோட்டாருக்கும் மின்விசையாக ஏஓ3400 மாஸ்ஃபெட் ஒன்று. மாஸ்ஃபெட்டின் கட்டுப்பாட்டு முனையான கேட்டுக்கும் சுற்றின் தரைக்கும் (எதிர்முனைக்கும்) நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் போடாவிட்டால், பலகை விழித்தெழும் அந்தக் கணத்தில் எல்லா மோட்டாரும் சேர்ந்து உறுமும். மோட்டாருக்குக் குறுக்கே, தன்மேல் போட்டிருக்கும் கோடு நேர்முனைப் பக்கம் இருக்குமாறு, 1என்4148 டையோடு ஒன்று. அதனோடு 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. பின்கள் 18, 19, 23, 25, 26, 27, 32, 33 எந்தத் தொல்லையும் தருவதில்லை. 12ஆம் பின்னை விட்டுவிடுங்கள், இயங்கத் தொடங்கும்போது அது உயர்ந்திருந்தால் பலகை எழாது. 34உம் அதற்கு மேலுள்ளவையும் உள்வாங்க மட்டுமே.

எட்டு மாஸ்ஃபெட்டுக்குப் பதில், எட்டு மின்விசைகளைத் தன்னுள் கொண்ட ஒரே யூஎல்என்2803 சில்லு போதுமே என்று தோன்றும். பார்ப்பதற்குச் சுத்தமாகவும் இருக்கும். ஆனால் அது தன்னிடம் ஏறக்குறைய 1 வோல்ட்டை வைத்துக்கொள்ளும். பேட்டரி 4 வோல்ட்டில் இருக்கும்வரை குறை தெரியாது. 3.3க்கு இறங்கும்போது மோட்டாருக்குக் கிடைப்பது 2.3 வோல்ட், பல காயின் மோட்டார்கள் கிளம்புவதற்கான எல்லையே அதுதான். காலையில் நன்றாக வேலை செய்த பட்டை மாலையில் சில திசைகளில் மட்டும் ஊமையாகும். மோட்டார் பழுது என்று நினைத்துப் பட்டையைப் பிரிப்பார்கள்.

மோட்டாருக்கு 3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 4.2 வோல்ட் பேட்டரியில் துடிப்பகலம் (விட்டுவிட்டுக் கொடுக்கும் மின்சாரத்தில் அது ஓடும் நேரத்தின் பங்கு) 70 சதவீதம், 3.5 வோல்ட்டில் 85 சதவீதம் என்று நிரலே மாற்றிக்கொள்ளட்டும். துடிப்பின் வேகம் 20 கிலோஹெர்ட்ஸ் இருந்தால் காதுக்குக் கீச்சொலி கேட்காது. மெல்லிய அதிர்வு வேண்டுமென்று துடிப்பகலத்தை நேராகக் குறைத்தால் மோட்டார் கிளம்பாமல் நிற்கும். முதல் 40 மில்லிநொடி முழு வேகம் கொடுத்து, சுழன்ற பிறகு குறைக்க வேண்டும். கிளம்பும் கணத்தில் 120 மில்லிஆம்பியர் வரை இழுப்பதால் பலகை திடீரென்று மறுதொடக்கம் ஆகலாம். மின்வழியின் தொடக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று அதைத் தடுக்கும். வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது அந்தக் கூடுதல் நான்கு மோட்டார்கள். காயின் மோட்டாரின் வயர் தலைமுடி போன்றது. ஓயாமல் அதிர்வதாலும் இடுப்பு வளைவதாலும் அது பற்று வைத்த இடத்தில் ஒடியும், பெரும்பாலும் முதல் வாரத்தில். ஒடிந்தால் மறுபடி பற்று வைக்க நுனி மிஞ்சாது. பட்டையில் தைக்கும் முன்பே அந்த வயரை 1 செ.மீ. அளவுக்கு வெட்டி, சிலிகான் உறை கொண்ட மெல்லிய பலபுரி வயரோடு இணைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, இணைப்பின் மேல் குளூ கன் பசையை ஒரு சொட்டு விட்டு மோட்டாரோடு சேர்த்து உறையவிட வேண்டும். எலாஸ்டிக் நீளும், வயர் நீளாது. ஆகவே வயரை நேராக ஓட்டாமல் பாம்பு நெளிவதுபோலத் தைப்பது கட்டாயம்.

திசைகாட்டிக்கு வருவோம். இந்த வேலையின் கடினம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது, சுவையும்.

பூமியின் காந்தக் கோடுகள் ஓஸ்னாப்ரூக் போன்ற இடத்தில் தரைக்குள் சுமார் 67 டிகிரி சரிவாக இறங்குகின்றன. மொத்தக் காந்த வலிமையான 49 மைக்ரோடெஸ்லாவில் திசை காட்டப் பயன்படும் கிடைமட்டப் பங்கு 19 மட்டுமே. தென்னிந்தியாவோ, காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக ஓடும் காந்த நடுக்கோட்டின் ஓரத்தில் கிடக்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்குக் காரணமே அந்தக் கோடு. சென்னையில் சரிவு 15 டிகிரிக்கு அருகில். கிடைமட்டப் பங்கு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இதனால் இங்கே பட்டை செய்பவருக்கு இரண்டு நன்மை. உணரியின் சாய்வைக் கணிப்பதில் 5 டிகிரி பிழை வந்தால், ஓஸ்னாப்ரூக்கில் திசை ஏறக்குறைய 12 டிகிரி வரை தவறலாம், சென்னையில் ஒன்றரை டிகிரிகூட ஆகாது. பிழை, சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருகுவதால் வரும் வித்தியாசம் இது. அடுத்து, அருகில் ஓர் இரும்பு கலங்கடித்தாலும் இங்கே பாதிப்பு பாதியாகிறது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு நம் பக்கத்தில் 2 டிகிரி அளவே. மோட்டார்கள் 45 டிகிரிக்கு ஒன்றாக இருக்கும்போது அதைத் திருத்த வேண்டியதில்லை.

பிஎன்ஓ055 உணரி சாய்வையும் காந்தத்தையும் தானே சேர்த்துக் கணித்துத் திசையை நொடிக்கு 100 முறை தருகிறது. அதை எங்கே வைப்பது? ஒவ்வொரு காயின் மோட்டாருக்குள்ளும் ஒரு நிரந்தர வளையக் காந்தம் இருக்கிறது. அது அசையாமல் ஒரே தூரத்தில் இருந்தால் அளவீட்டில் கழித்துவிடலாம். பட்டை நெளியும்போது தூரம் மாறுவதுதான் சிக்கல். காந்தத்தின் பாதிப்பு தூரத்தின் கனத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும்: இருமடங்கு தள்ளினால் எட்டில் ஒன்று. ஆகவே உணரியை முதுகெலும்பின் மேல், பட்டைக்கு 10 செ.மீ. மேலே, ஒரு சின்னத் துணிப்பையில் வைத்து, அதைப் பட்டையிலிருந்து எழும் ஒரு பிளாஸ்டிக் பட்டியில் தைக்க வேண்டும். தோளுக்கு ஏற்றிவிடக் கூடாது; நடக்கும்போது தோள் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் திரும்பும்.

மோட்டாருக்குப் போகும் வயரும் காந்தம்தான். 80 மில்லிஆம்பியர் ஓடும் ஒற்றை வயர் 2 செ.மீ. தூரத்தில் 0.8 மைக்ரோடெஸ்லா உண்டாக்கும். போகும் வயரையும் திரும்பும் வயரையும் முறுக்கிவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேட்டரியில் இன்னொரு பொறி. 18650 உருளைப் பேட்டரியின் கூடு எஃகு. தட்டையான லித்தியம் பாலிமர் 2000 மில்லிஆம்பியர்-மணி எடுங்கள், அதையும் வயிற்றுப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். நொடிக்கு 200 மில்லிநொடி மட்டும் அதிரவிட்டால் மோட்டாரின் சராசரி 16 மில்லிஆம்பியர், பலகைக்கும் உணரிக்கும் 50. ஒரு நாள் முழுக்கத் தாராளமாக வரும். சார்ஜ் ஏறும்போது பட்டை இடுப்பில் இருக்கக் கூடாது.

உணரியைப் பழக்க, எல்லாம் தைத்து முடிந்தபின் பட்டையோடு சேர்த்துத் திறந்தவெளியில் காற்றில் 8 வரைவதுபோல மெதுவாகச் சுழற்ற வேண்டும். மேசைமேல் தனிச் சில்லாகப் பழக்கினால் பட்டைக்குள் போனதும் கணக்கு மாறிவிடும். பழகிய அளவைச் சொல்லும் நான்கு நிலைக் குறியீடுகளும் 3 ஆனதும் 22 பைட் திருத்த எண்களைப் பலகையில் சேமித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் இதே சடங்கு. இந்தச் சில்லுக்கு ஒரு குணம் உண்டு: தன் திருத்தத்தைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. இரும்பு பீரோ பக்கத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்தால் சிறிது நேரம் தவறாகச் சொல்லும். மோட்டார்சைக்கிள், பேருந்து, ரயிலுக்குள்ளும் அப்படித்தான். பேண்ட் பையில் உள்ள கைபேசியின் ஒலிபெருக்கியிலும் காந்தம் இருக்கிறது. அது மேல்சட்டைப் பைக்குப் போகட்டும்.

நிரலில் இரண்டு விஷயங்களைச் சரியாகச் செய்தால் மீதி தானாக அமையும். முதலாவது, எல்லைத் தயக்கம். இரண்டு மோட்டார்களுக்கு நடுக்கோட்டில் வடக்கு விழும்போது அதிர்வு அங்கும் இங்கும் தாவும். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் வந்து பட்டையைக் கழற்றி வைத்துவிடுவார்கள். எல்லையை 5 டிகிரி தாண்டிய பின்பே அடுத்த மோட்டாருக்கு மாற வேண்டும். இரண்டாவது, துடிப்பு. விடாமல் அதிர்ந்தால் தோல் பழகி மங்கிவிடும். 200 மில்லிநொடி அதிர்வு, 800 மில்லிநொடி ஓய்வு சரியாக இருக்கும். மோட்டார் மாறும் கணத்தில் மட்டும் காத்திருக்காமல் உடனே அதிரட்டும். மோட்டார் சுழன்று நிற்கவே 100 மில்லிநொடி எடுக்கும் என்பதால், 150க்குக் குறைவான ஓய்வு விட்டால் துடிப்புகள் ஒட்டிக்கொள்ளும்.

எட்டுக்கும் ஒரே வலிமை வைத்தாலும் உணர்வு சமமாக இருக்காது. தொப்புள் மோட்டாரை அளவுகோலாக வைத்து, மற்ற ஏழையும் ஒவ்வொன்றாக அதனோடு மாற்றி மாற்றி அதிரவிட்டு, கட்டியவர் "இப்போது சமம்" என்று சொல்லும் எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். உட்கார்ந்து ஒரு முறை, நடந்து ஒரு முறை. நடக்கும்போது தேவைப்படும் எண் எப்போதும் அதிகம்.

பார்வையற்ற ஒருவருக்காகச் செய்வதாக இருந்தால், வெண்கோலை இந்தப் பட்டை எந்த வகையிலும் மாற்றாது என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பட்டைக்குத் திசை தெரியும்; குழி தெரியாது, தொங்கும் கிளை தெரியாது. முழங்காலுக்கு மேல் உள்ள தடைகளை மீயொலியால் அறிந்து கைப்பிடியில் அதிர்ந்து சொல்ல, டெல்லி ஐஐடியில் உருவாகி, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிக்கும் ஸ்மார்ட்கேன் இருக்கிறது. இரண்டையும் ஒரே பட்டையில் அடைக்கும் ஆசையை அடக்குங்கள். கைக்கு ஒரு கேள்வி, இடுப்புக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக் கொடுத்தால்தான் கவனம் சிதறாமல் நடக்க முடியும். போகுமிடத்தின் திசையைச் சொல்ல வேண்டுமானால் வடக்கை நிறுத்திவிட்டு அதே மோட்டார்களை அதற்குப் பயன்படுத்தலாம், இரட்டைத் துடிப்பாக. ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டாம்.

பொய் சொல்வதைவிடப் பட்டை பேசாமல் இருப்பது மேல். உணரி தரும் காந்த வலிமை வழக்கமான 41 மைக்ரோடெஸ்லாவிலிருந்து 10க்கு மேல் விலகினால், பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று பொருள். அப்போது எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட வேண்டும். ஆனால் வெறும் மௌனத்தைப் பேட்டரி தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எனவே தொப்புளும் முதுகெலும்பும் சேர்ந்து ஒரு முறை அதிரட்டும், பத்து நொடிக்கு ஒரு தடவை. எதிரெதிர்த் திசைகள் இரண்டும் ஒன்றாக அதிர்ந்தால் "எனக்குத் தெரியவில்லை" என்று எடுத்துக்கொள்ள யாருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை.